அமெரிக்க உள்நாட்டுப் போர்: மாநில உரிமைக்காகவா, அடிமை முறைக்காகவா?

9 பிப்ரவரி 2024 – வாசகர் கேள்வி

அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறையை ஒழிப்பதற்காக நடந்தது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் ஓர் அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடியுமானால் அப்படியே செய்வேன் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். அவர் பக்கம் நின்ற சில மாநிலங்களிலும் அடிமைகள் இருந்தார்கள். அப்படியானால் தென் மாநிலங்கள் போரிட்டது மாநில உரிமைக்காகவும் இறக்குமதித் தீர்வையை எதிர்த்தும்தானே? மாநில சுயாட்சி பேசுகிற நாம், வென்றவர்கள் சொன்ன கதையை மட்டும் ஏன் நம்புகிறோம்?

10 பிப்ரவரி

இதில் இரண்டு கேள்விகள் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. தென் மாநிலங்கள் ஏன் பிரிந்தன என்பது ஒன்று. பிரிந்தவர்களோடு வடக்கு ஏன் போரிட்டது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லிங்கனின் கடிதம் இரண்டாவது கேள்விக்கு உரிய சான்று. அதை வைத்து முதல் கேள்விக்கு விடை சொல்வது, வாதியின் வாக்குமூலத்தைப் பிரதிவாதியின் பெயரில் பதிவு செய்வதைப் போன்றது.

முதல் கேள்விக்குப் பிரிந்தவர்களே விடை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்தது. லிங்கன் பதவியேற்க அப்போது இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்களும் தாங்கள் பிரிவதற்கான காரணங்களைத் தனி அறிக்கைகளாகவே வெளியிட்டன. தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்றும், அதுவே உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்றும் மிசிசிப்பியின் அறிக்கை தொடக்க வரிகளிலேயே கூறிவிடுகிறது. அந்த மாநிலத்தின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க வேண்டும்.

1861 மார்ச் 21 அன்று, பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரில் பேசியபோது, கறுப்பின மனிதன் வெள்ளையனுக்குச் சமமானவன் அல்லன் என்ற கருத்தே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். போர் முடிந்த பிறகு அதே மனிதர், போராட்டம் அரசியலமைப்புக் கொள்கைகளைப் பற்றியது என்று தடித்த நூலாக எழுதினார். தோற்றவர்கள் கதை எழுதவில்லை என்று யார் சொன்னது?

12 பிப்ரவரி

மாநில உரிமை என்றதும் தமிழ்க் காதுகள் நிமிர்வது இயல்பு. எனக்கும் அப்படித்தான் நிமிர்ந்தன. அமெரிக்காவுக்கு வந்த புதிதில் தெற்கின் மீது எனக்கு ஒரு வகையான ஒட்டுதல்கூட இருந்தது. தென் கரோலினாவின் அறிக்கையை முழுதாகப் படித்த அன்றுதான் அந்த ஒட்டுதல் கழன்றது.

ஏனெனில் அந்த அறிக்கையின் பெரும் புகார், வட மாநிலங்கள் தங்கள் உரிமையை அதிகமாகப் பயன்படுத்துகின்றன என்பதே. தப்பியோடி வந்த அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கும் கடமையை முடக்குகிற சட்டங்களை அந்த மாநிலங்கள் இயற்றுகின்றன. அடிமையோடு தன் எல்லை வழியே பயணம் செய்யும் உரிமையைக்கூட நியூயார்க் மறுத்துவிட்டது. குடிமக்களாகும் தகுதி இல்லாதவர்களைச் சில மாநிலங்கள் வாக்களிக்க விடுகின்றன என்றெல்லாம் அது அடுக்குகிறது. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் யாருக்கு வாக்குரிமை தரலாம் என்பதையும் இன்னொரு மாநிலம் குற்றமாகச் சொல்கிறது. இதையா சுயாட்சி என்பது?

1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் விசாரிக்கும் ஆணையருக்குப் பத்து டாலர் கட்டணம், விடுவித்தால் ஐந்து டாலர். பிடிபட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல அனுமதி இல்லை. நடுவர் குழு விசாரணையும் இல்லை. இந்தச் சட்டத்தைத் தெற்கே கேட்டு வாங்கியது. மத்திய அரசின் அதிகாரிகள் வட மாநிலத் தெருக்களில் இறங்கி அதைச் செயல்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியதும் தெற்கே.

பிரிந்து போய் அவர்கள் எழுதிக்கொண்ட அரசியலமைப்பு இன்னும் தெளிவானது. கறுப்பின அடிமைகளின் மீதுள்ள சொத்துரிமையைக் குறைக்கிற எந்தச் சட்டத்தையும் தென் கூட்டமைப்பின் நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றக் கூடாது. புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளிலும் அடிமை முறை காக்கப்பட வேண்டும். எந்த உறுப்பு மாநிலத்துக்குள்ளும் அடிமைகளோடு சென்று தங்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. இத்தனையும் எழுதியவர்கள் பிரிந்து செல்லும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று வெளிப்படையான ஒரு வரியை அதில் எழுதவில்லை.

13 பிப்ரவரி

தீர்வையைப் பற்றிச் சுருக்கமாக. 1860இல் நடைமுறையில் இருந்தது 1857ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம். அது தெற்கு விரும்பியபடி குறைந்த தீர்வை விதித்த சட்டம். தீர்வையை உயர்த்திய மோரில் சட்டம் 1861 மார்ச் 2 அன்று கையெழுத்தானது. அதற்குள் ஏழு மாநிலங்கள் வெளியேறிவிட்டன. அவற்றின் செனட்டர்கள் இருக்கையை விட்டு எழாமல் இருந்திருந்தால் அந்தச் சட்டம் செனட்டில் நிறைவேறியிருப்பதே கடினம். தீர்வைக்காகப் பிரிந்தார்கள் என்றால், நிகழாத ஒன்றுக்காகப் பிரிந்து, பிரிந்ததாலேயே அதை நிகழ்த்திவிட்டார்கள் என்று ஆகும்.

16 பிப்ரவரி

நான் ரிச்மண்ட் நகரை ஒட்டிய பகுதியில் குடியிருக்கிறேன். தென் கூட்டமைப்பின் தலைநகராக இருந்த அதே ரிச்மண்ட்தான். எங்கள் தெருவில் உள்ள முதியவர் ஒருவர், தன் கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் தெற்குப் படையில் போரிட்டவர் என்பதை அமைதியாகவே சொல்வார். கொடி எதையும் வீட்டில் கட்டி வைத்தவர் அல்லர். தெற்குப் படைத் தளபதி லீயின் பெரிய சிலையை 2021 செப்டம்பரில் கிரேன் வைத்து இறக்கிய நாளில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் என்னிடம் கேட்ட கேள்வியை இங்கே பலரும் வேறு வேறு வடிவில் கேட்டிருக்கிறீர்கள். “எங்கள் குடும்பத்தில் யாரிடமும் அடிமை இருந்ததில்லை. சொந்தமாக அடிமை இல்லாதவன் அடிமை முறைக்காக ஏன் சாக வேண்டும்?”

நல்ல கேள்வி. அதைக் கிண்டலால் தள்ளிவிட முடியாது. 1860இல் அடிமை முறை இருந்த மாநிலங்களில் அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்கள் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான். மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் அது பாதியை நெருங்கியது. மீதிப் பேருக்கு என்ன பங்கு?

பங்கு இருந்தது. அறுவடைக் காலத்தில் அடிமைகளைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். பருத்தி அரைவை இயந்திரத்துக்கும் கடனுக்கும் பக்கத்துப் பண்ணையாரையே நம்பியிருந்தார்கள். இன்று இல்லாவிட்டாலும் நாளை ஓர் அடிமையை வாங்கலாம் என்ற ஆசை வைத்திருந்தார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக, எவ்வளவு ஏழையானாலும் தனக்குக் கீழே நாற்பது லட்சம் பேர் சட்டப்படியே தாழ்ந்து கிடக்கிறார்கள் என்ற நிம்மதி ஒன்று இருந்தது. தனக்கென்று ஒரு காணி நிலம் இல்லாதவனும் இன்னொருவனைத் திண்ணையில் உட்கார விடாமல் காவல் காப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதியவரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. உங்கள் மூதாதை எதற்காகச் சென்றார் என்பதும், அவரை அனுப்பிய அரசு எதற்காக உருவானது என்பதும் வேறு வேறாக இருக்கலாமே என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஒப்புக்கொண்டாரா, பேச்சை முடித்துக்கொண்டாரா என்று சொல்ல முடியவில்லை.

17 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு பக்கம் குறைகிறது. ஏழை வெள்ளையர் எல்லாரும் மனமுவந்து சென்றார்கள் என்ற தோற்றம் அதில் வந்துவிட்டது.

அமெரிக்க வரலாற்றில் நாடு தழுவிய கட்டாயப் படைசேர்ப்பை முதலில் கொண்டு வந்தது தென் கூட்டமைப்புதான், 1862 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபரில், இருபது அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் வீதம் விலக்கு அளித்தார்கள். பணக்காரனின் போர், ஏழையின் சண்டை என்ற முணுமுணுப்பு அப்போது தெற்கெங்கும் கிளம்பியது. 1863இல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகவே பிடுங்கினார்கள். மாநில உரிமையின் பெயரால் ஜார்ஜியாவின் ஆளுநர் ஜோசப் பிரவுன் சண்டை போட்டது பெரும்பாலும் வாஷிங்டனோடு அல்ல. ரிச்மண்டில் இருந்த தென் கூட்டமைப்பின் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் டேவிசோடு!

வர்ஜீனியாவின் மலைப்பகுதி மாவட்டங்களை விட்டுவிட்டால் பாவம் சேரும். பிரிவது எங்கள் பிறப்புரிமை என்று வர்ஜீனியா சொன்னதும், அப்படியானால் நாங்கள் உங்களிடமிருந்து பிரிகிறோம் என்று அவர்கள் கிளம்பி 1863இல் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமாகிவிட்டார்கள். கேட்டதும் வர்ஜீனியாவுக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாக அடங்கவில்லை என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

20 பிப்ரவரி

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வடக்கு அடிமை முறையை ஒழிப்பதற்காகப் போரைத் தொடங்கவில்லை. இதில் கேள்வி கேட்ட நண்பரோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் இரண்டே ஆண்டுகளில் போர் அதற்கான போராக மாறியது. மாற்றியவர் யார் என்பதில்தான் நம் பாடநூல்களோடும் நண்பரோடும் ஒருசேர முரண்படுகிறேன். இருவருமே லிங்கனின் மனதுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்க வேண்டிய இடம் மன்றோ கோட்டை.

ரிச்மண்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். கடல் கழிமுகத்தில், அகழி சூழ்ந்த கற்கோட்டை. 1619 ஆகஸ்டில் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டு வரப்பட்டு இறங்கியதும் இதே முனையில்தான். வர்ஜீனியா பிரிந்த பிறகும் இந்தக் கோட்டை மட்டும் ஒன்றியப் படையின் கையிலேயே இருந்தது. 1861 மே 23 இரவு பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் நீரைக் கடந்து வந்து இந்தக் கோட்டையில் அடைக்கலம் கேட்டார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படையின் பீரங்கி மேடையைக் கட்டும் வேலையில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தார்கள். குடும்பத்தைப் பிரித்துத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் வந்ததும் ஓடி வந்துவிட்டார்கள்.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் போருக்கு முன்பு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்தவர். அடிமை ஒழிப்பாளர் அல்லர். மறுநாள் வெள்ளைக் கொடியோடு வந்த தெற்கு அதிகாரி, தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி மூவரையும் ஒப்படைக்கக் கேட்டார். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று அறிவித்துக்கொண்டது. அயல்நாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று பட்லர் திருப்பிக் கேட்டார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்தைப் பறிமுதல் செய்யலாம் என்ற போர்விதியைக் காட்டி மூவரையும் கோட்டையிலேயே வைத்துக்கொண்டார். மனிதரைச் சொத்து என்று சொன்னவர்களின் வாதத்தை வைத்தே அவர்களை மடக்கிய சாமர்த்தியம் இது. ஆனால் அந்த மூவரையும் மனிதர்கள் என்று சொல்ல அது இன்னும் துணியவில்லை.

செய்தி பரவியது. சில நாட்களிலேயே குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். வாரங்களில் நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில். குழந்தைகளையும் கிழவிகளையும் எந்தப் பீரங்கி மேடையின் கணக்கில் பறிமுதல் செய்வது என்ற கேள்வி வாஷிங்டனுக்குப் போனது. ஆகஸ்டில் காங்கிரஸ் முதல் பறிமுதல் சட்டத்தை இயற்றியது. 1862 ஜூலையில் அதைவிட விரிந்த இரண்டாம் சட்டம் வந்தது. போரின் நோக்கத்தை மாற்ற எடுத்து வைக்கப்பட்ட முதல் அடி ஒரு துடுப்புப் படகில் வந்தது. வெள்ளை மாளிகை பின்னால்தான் நடந்தது.

21 பிப்ரவரி

ஒரு துணுக்கு. இதே பட்லர், 1860இல் ஜனநாயகக் கட்சி குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய மாநாட்டில் சுற்றுக்குச் சுற்று, ஐம்பத்தேழு முறை, ஜெபர்சன் டேவிசுக்கே வாக்களித்தவர். ஓராண்டு கழித்து டேவிசின் தளபதிகள் தங்கள் அடிமைகளைத் தேடிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார்கள்.

24 பிப்ரவரி

லிங்கனின் கடிதம். ஹோரஸ் கிரீலி என்ற பத்திரிகை ஆசிரியருக்கு 1862 ஆகஸ்ட் 22 அன்று எழுதியது. நண்பர் மேற்கோள் காட்டிய வரி அதில் உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, பிரிந்த மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் அவர் படித்துக் காட்டியிருந்தார் என்பதும் உண்மை. போர்க்களத்தில் ஒரு வெற்றிக்காகக் காத்திருந்தார். செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர் நடந்தது, ஐந்தாம் நாள் பிரகடனத்தை அறிவித்தார். கடிதம் நாட்டைத் தயார்ப்படுத்தும் கடிதம்.

அதற்காக அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். அதே ஆகஸ்டில் கறுப்பினத் தலைவர்கள் சிலரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நீங்கள் இந்த நாட்டை விட்டு வேறிடம் போய்க் குடியேறுவதே நல்லது என்று அறிவுரை சொன்னவர் அவர். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் அதைக் கடுமையாகக் கண்டித்தார். 1861 மார்ச்சில் பதவியேற்ற நாளன்று, இருக்கும் மாநிலங்களில் அடிமை முறையை மத்திய அரசு என்றுமே தொடாது என்று உறுதியளிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கும் தமக்கு மறுப்பில்லை என்று சொன்னார். காங்கிரஸ் அதை நிறைவேற்றியும் இருந்தது. அத்தனை பெரிய சலுகை மேசையில் இருந்தும் பிரிந்தவர்கள் திரும்பி வரவில்லை. இருப்பது போதாது, புதிய நிலப்பகுதிகளுக்கும் அடிமை முறை பரவ வழி வேண்டும் என்பதே அவர்களுடைய நிபந்தனை. லிங்கன் மறுத்தது அதை மட்டும்தான்.

எல்லை மாநிலங்கள் பற்றி நண்பர் சொன்னது சரி. மிசௌரி, கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர் நான்கும் அடிமை மாநிலங்களாகவே ஒன்றியத்தில் இருந்தன. கென்டக்கியில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட அடிமைகள். லிங்கன், டேவிஸ் இருவருமே கென்டக்கியில் பிறந்தவர்கள். அந்த மாநிலத்தின் செனட்டர் கிரிட்டென்டன் சமரசத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்து தோற்றார். அவருடைய மகன்களில் ஒருவர் ஒன்றியப் படையில் தளபதி, இன்னொருவர் தெற்குப் படையில் தளபதி. நாடு எந்தக் கோட்டில் பிளந்தது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொன்னால், அந்த வீட்டின் சாப்பாட்டு அறையைத்தான் காட்ட வேண்டும்.

25 பிப்ரவரி

பிரகடனம் லிங்கனின் ஆட்சி செல்லாத இடங்களில் மட்டுமே செல்லும் என்பதால் ஒருவரையும் விடுவிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. எல்லை மாநிலங்கள், டென்னசி, லூசியானாவின் சில பகுதிகள் விலக்கப்பட்டன. ஆனால் தென் கரோலினாவின் கடற்கரைத் தீவுகள் 1861 நவம்பரிலிருந்தே ஒன்றியப் படையின் கையில் இருந்தன. அவற்றுக்கு விலக்கு இல்லை. 1863 ஜனவரி 1 அன்று போர்ட் ராயல் பகுதியில் கூடிய கூட்டத்தில் பிரகடனம் வாசிக்கப்பட்டபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்திலேயே சட்டப்படி விடுதலை பெற்றார்கள்.

இன்னொன்று. கறுப்பினத்தவரைப் படையில் சேர்ப்பதற்கும் அந்தப் பிரகடனம் வழியை அகலத் திறந்தது. போர் முடிவதற்குள் தரைப்படையில் மட்டும் ஏறக்குறைய 1,79,000 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலானோர் முன்னாள் அடிமைகள்.

28 பிப்ரவரி

அவர்களுக்கு என்ன சம்பளம் என்று கேட்டவருக்கு: வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவு அந்தச் சம்பளத்தை வாங்கவே மறுத்தது. வாங்காமலேயே 1863 ஜூலையில் தெற்குப் படை வசமிருந்த வாக்னர் கோட்டையின் மீது பாய்ந்து, சென்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை இழந்தது. 1864 ஜூனில்தான் காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது.

அந்த வாக்னர் தாக்குதலுக்குச் சில நாட்கள் முன்புதான் நியூயார்க் நகரில் படைசேர்ப்பை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. 300 டாலர் கட்டினால் படைக்குப் போக வேண்டாம் என்ற விதி ஏழைகளைக் கொதிக்க வைத்தது. கொதிப்பு யார் மீது கொட்டியது என்றால், கறுப்பினத்தவர் மீது. கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக்கூட எரித்தார்கள். வடக்கின் கை சுத்தம் என்று இந்த இழையில் நான் எங்குமே சொல்லவில்லை.

2 மார்ச்

திருநெல்வேலி நண்பர் பருத்தியை நினைவூட்டினார். உண்மைதான். போருக்கு முன்பு பிரிட்டனின் ஆலைகளுக்குத் தேவையான பருத்தியில் நான்கில் மூன்று பங்கு தென் மாநிலங்களிலிருந்தே போனது. ஒன்றியக் கடற்படை துறைமுகங்களை அடைத்ததும் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. நம் கரிசல் காட்டுப் பருத்திக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் திடீர் மவுசு வந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் பங்குச் சந்தையே குப்புற விழுந்தது. பருத்தி கிடைக்காவிட்டால் பிரிட்டன் தங்களுக்காகப் போரில் இறங்கும் என்று தெற்கு போட்ட கணக்கு தப்பியதற்கு இந்தியப் பருத்தியும் எகிப்தின் பருத்தியும் காரணங்களில் சேரும். விலை ஏறிய ஆண்டுகளில் லாபம் யார் மடியில் விழுந்தது என்பதைத் தனி இழையில் எழுதுங்கள், இங்கே வேண்டாம்.

6 மார்ச்

கேள்வி கேட்ட நண்பர், கடைசியில் தெற்கே அடிமைகளைப் படையில் சேர்த்ததே, அப்படியானால் அடிமை முறை அவர்களுக்கு முதன்மை இல்லை என்றுதானே பொருள் என்று மீண்டும் வந்திருக்கிறார்.

சேர்த்தது எப்போது என்று பாருங்கள்: 1865 மார்ச் 13. ரிச்மண்ட் விழுவதற்கு மூன்று வாரம் முன்பு. 1864 ஜனவரியிலேயே கிளெபர்ன் என்ற தளபதி இதை முன்மொழிந்தபோது, பேச்சே வெளியே வரக் கூடாது என்று டேவிஸ் அமுக்கிவிட்டார். பிறகு பேச்சு மீண்டும் எழுந்தபோது ஜார்ஜியாவின் ஹவல் காப் எழுதியது இது: அடிமைகள் நல்ல சிப்பாய்களாவார்கள் என்றால், அடிமை முறை பற்றிய நம் கொள்கை முழுவதுமே தவறு. அவருக்குப் புரிந்திருந்தது. தோல்வி கண்ணுக்கு முன்னால் நின்றபோதும் அத்தனை நாள் தயங்கினார்கள் என்பதையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

7 மார்ச்

இழப்பீடு பற்றி வந்த கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். கொடுத்தார்கள், உரிமையாளர்களுக்கு. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, விடுவிக்கப்பட்ட ஒருவருக்கு 300 டாலர் வரை அவருடைய உரிமையாளருக்கு அரசு கொடுத்தது. விடுதலையானவர்களுக்கு, 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரையில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்கி ஆணையிட்டார். உழுது விதைத்தவர்களும் உண்டு. லிங்கன் கொல்லப்பட்ட பிறகு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், மன்னிப்புப் பெற்ற பழைய உரிமையாளர்களுக்கே அந்த நிலங்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க அந்த ஆண்டே ஆணையிட்டார்.

தீர்வை வாதத்தை இன்னும் விடாத நண்பர் ஜார்ஜியாவின் அறிக்கையை எடுத்துப் படிக்கலாம். தீர்வையைப் பற்றி நீளமாகப் பேசுவது அந்த அறிக்கைதான். ஆனால் அந்த வழக்கு 1846ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தங்கள் பக்கம் தீர்ந்துவிட்டது என்றும் அதே பத்தியே சொல்கிறது. அதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள், தொடர்வோம்.